நான் நிற்கும் புகைப்படம்

நான் நின்றுகொண்டிருக்கும் கடைசிப் புகைப்படம் எங்கள் வீட்டில் இல்லை, அரசாங்கத்திடம் இருக்கிறது. பம்மலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் கம்பிக் கதவை ஒட்டி, வெள்ளை வேட்டி சட்டையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு நிற்கிறேன். என் கை அப்பாவின் தோளைச் சுற்றியிருக்கிறது. இருவரும் சிரிக்கிறோம். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால், ஏதோ விசேஷ வீட்டு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். விவரம் தெரிய வேண்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் எனக்கு உதவித்தொகை கிடையாது என்றார்கள்.

நான் ஏசி மெக்கானிக். சிறுசேரிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏசி பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தேன். முதுகெலும்பு போனது. வேலைக்கு அழைத்துப்போன காண்டிராக்டர் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். "தைரியமா இரு தம்பி, நான் இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு அவருடைய போன் நம்பர் இல்லாமல் போனது. எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போனது. கால்கள் கிடக்கின்றன, அவை யாருடையவோ. சிறுநீருக்கு ஒரு ட்யூப், அதன் முனையில் ஒரு பை. கைகளும் வாயும் மட்டும் பழுதில்லை. அதிலும், விபத்துக்குப் பிறகு வாய் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்கிறது என்பாள் என் மனைவி.

அவள் பக்கத்துத் தெருவில் தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அவள் சம்பளம் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும். அப்பாவின் பென்ஷன் வாடகைக்கும் கரண்டுக்கும். என்னைத் தூக்குவதற்கு ஆள் வைக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே அப்பாதான் தூக்கினார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஓட்டை போட்ட கழிவறை நாற்காலிக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு. அவருக்குக் குடலிறக்கம் வந்து ஒரு முறை அறுவை செய்து, அது மறுபடி பிதுங்கி இன்னொரு முறையும் அறுவை செய்திருந்தது. "இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது, அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பா குடத்தைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். என்னைத் தூக்குவதை நிறுத்த முடியுமா? ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவர் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். அதை மறைப்பதற்காக 'முருகா' என்பார். முருகனுக்கே அலுத்துப்போயிருக்கும்.

தெருக்கோடியில் ஒருவர் இருந்தார், காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். காலையும் மாலையும் வந்து என்னைத் தூக்கிவிட்டுப் போகச் சம்மதித்திருந்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் பராமரிப்புத் தொகை வந்தால் அப்படியே அவரிடம் கொடுத்துவிடலாம். எங்கள் கணக்கு அவ்வளவுதான். அந்தத் தொகை வந்தால் அப்பாவின் குடல் உள்ளே இருக்கும். வராவிட்டால் வெளியே வரும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய அதிகாரிகள் அலுவலகத்தில் நடந்துவரும்போது வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்பு டவாலியுமாக முன்னால் ஒருவர் வழி விலக்கிக்கொண்டு வருவாரே, அவர்தான் டபேதார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் அப்பா ஆயுள் முழுக்க மணியோசை. அதிகாரியின் கார் கதவுச் சத்தத்தைக் கேட்டே எந்த அதிகாரி என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய கூட்டாளிகள் பெருமையாகப் பேசுவார்கள். எத்தனையோ அதிகாரிகள் மாறினார்கள். ஒருவர் முன்னாலும் அவர் உட்கார்ந்ததில்லை. வீட்டில் டிவியில் ஏதாவது கலெக்டர் பேட்டி கொடுத்தால்கூட சாய்ந்திருந்தவர் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். அம்மா உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

விண்ணப்பம் போட்டோம். மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தன. கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், அதுதான் பாக்கி என்றார்கள். எங்கள் ஊர் நகராட்சி ஆகி, அதுவும் போய் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் மட்டும் இன்னும் கிராமத்தைத்தான் நிர்வகிக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் இவர் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது, மதியத்துக்குள் வருகிறேன் என்று. மனைவி கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. போனை வைத்த நிமிடத்திலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலைக் கழுவினார். எனக்குச் சவரம் செய்துவிட்டார். பீரோவிலிருந்து இஸ்திரி போட்ட வேட்டி சட்டையை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். தானும் வெள்ளை உடுத்திக்கொண்டார். என் சிறுநீர்ப் பையை வேட்டிக்குள் மறைத்துக் கட்டினார். "அசிங்கமா தெரியக் கூடாதுடா, பெரியவங்க வர்ற இடம்" என்றார். கால்கள் விறைத்துப்போகாமல் இருக்க தினமும் கொஞ்ச நேரம் இரும்புச் சட்டம் மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இடுப்புப் பட்டையிலிருந்து பாதம்வரை வரும் சட்டம். காலை நீட்டினால் முட்டியில் பூட்டிக்கொள்ளும். அதையும் மாட்டிவிட்டார். அதுவும் வேட்டிக்குள் போய்விட்டது. கடைசியில் வாசல் பக்கத்து நாற்காலியில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பைக் சத்தம் கேட்டது. அப்பாவின் உடம்பே மாறிவிட்டது. தோள் பின்னால் போய், வயிறு உள்ளே போய், பார்வை நேரானது.

"எழுந்திரு" என்றார் மெதுவாக.

"அப்பா, நான் எப்படிப்பா?"

"சார் வாசல்ல நிக்கிறாரு. நீ உக்காந்திருக்கியே!"

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கை என் அக்குளுக்குள் வந்துவிட்டது. இன்னொரு கை பின்னால் போய், சட்டத்தின் இடுப்புப் பட்டையைப் பிடித்தது. 'முருகா'கூடச் சொல்லவில்லை. ஒரே தூக்கு. முட்டிகளில் சட்டம் படக் படக்கென்று பூட்டிக்கொண்டது. நான் நின்றுவிட்டேன். என் கை தானாகப் போய் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. விழுந்த பிறகு முதல் தடவையாக எங்கள் தெருவை நின்ற உயரத்திலிருந்து பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

வந்தவர் காதில் போனோடு வந்தார். உள்ளே வரவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடி, "இவர்தானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார். என் பையன்தாங்க சார். வணக்கம் சொல்லுடா."

"வணக்கம் சார்."

"இங்க பாருங்க" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார். இங்கே பாருங்கள் என்று சொல்லிப் போனைக் காட்டினால் நாம் என்ன செய்வோம்? சிரித்தோம். அவர் படம் எடுத்துக்கொண்டு, போனில் விட்ட பேச்சைத் தொடர்ந்தபடி பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். அவருக்காக ஊற்றி வைத்திருந்த மோர் அப்படியே இருந்தது.

பைக் தெரு திரும்பும்வரை அப்பா என்னை இறக்கவில்லை. பிறகு இறக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. "நல்ல மனுஷன்டா" என்றார். "அதட்டல் உருட்டல் எதுவுமில்ல."

கொஞ்ச காலம் கழித்து நிராகரிப்பு வந்தது. மனைவிதான் கவரைப் பிரித்துப் படித்தாள். நேரடி விசாரணையில் விண்ணப்பதாரர் எழுந்து நிற்கும் நிலையில் உள்ளது தெரியவருவதாலும், அவரது உடல்நிலையில் முன்னேற்றம் காணப்படுவதாலும் என்று இழுத்துக்கொண்டு போய், தகுதியில்லை என்று முடிந்திருந்தது. அவள் இரண்டாவது முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இவரு ஒரு தடவை எழுந்து நிக்கணும்னு நான் வேண்டாத சாமி கெடயாது" என்றாள். "அப்பல்லாம் நிக்கல. ஆபீசர் வந்தாருன்னு நிக்க வெச்சுட்டீங்களே மாமா. எந்த சாமியால முடிஞ்சுது இது?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுவரை நடந்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் என்னைத் தூக்க வரும்போதெல்லாம், "பாத்துப்பா, ரொம்ப நிமிர்த்திடாதீங்க, எவனாவது போட்டோ எடுத்துடப்போறான்" என்பேன். ஒரு முறை சொன்னால் நக்கல். தினமும் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தூக்குவார். படுத்துக் கிடக்கிறவனுக்குப் பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? எனக்கு அரசாங்கத்தை அடிக்கக் கை எட்டவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்த அலுவலக வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் உண்டு. மனைவி லீவு போட்டுவிட்டு என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெரிந்தவரின் லோடு வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனாள். மனு எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சந்தனம் பூசி சலவைச் சட்ட போட்டு இட்டாந்துகீற? இந்த மாதிரி வந்தா எவன் நம்புவான்?"

"வேற எப்படிண்ணா வர்றது?"

"தாடி இருக்கட்டும். சட்ட பழசா இருக்கட்டும். அந்த மூத்திரப் பை கீதே, அது வெளிய தொங்கணும். பாவமா கீறவனுக்குத்தாம்மா இங்க கெடைக்கும். பாவப்பட்டவனுக்கு இல்ல."

ஒரு கட்டணமும் வாங்காமல் சொன்ன யோசனை அது. அந்த அலுவலகத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மனுவை அப்பாவே எழுதினார். அவருக்குத் தெரியாத மனுவா? 'மேன்மைமிகு சமூகம் அவர்களுக்கு, அடியிற்கண்ட மனுதாரர் பணிந்து சமர்ப்பிக்கும்' என்று தொடங்கி, முத்து முத்தான எழுத்தில் ஒரு பக்கம் போயும் விஷயத்துக்கு வரவில்லை. மனைவி வாங்கிப் படித்தாள்.

"மாமா, வந்த ஆபீசர் உள்ள வந்து பாக்கலன்னு எழுதுங்க."

"அவர் மேல புகார் எழுதச் சொல்றியா?"

"உண்மைய எழுதச் சொல்றேன்."

முடிவில் அவர் எழுதியது இது: எனது அறியாமையாலும், அதிகாரி அவர்களிடம் கொண்ட மரியாதையின் பேரிலும், நடக்க இயலாத என் மகனை நானே தூக்கி நிறுத்தினேன், இதில் மாண்புமிகு அலுவலர் மீது யாதொரு குற்றமும் இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதைத்தான் கொடுத்தோம்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலை அப்பா வெந்நீரும் சவரப் பெட்டியுமாக என் கட்டிலருகே வந்து நின்றார். மனைவி அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்தாள். தாடியோடு ஒருவன் அதிகாரி முன் போவதா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது. காலர் கிழிந்த சட்டை ஒன்றை எனக்கு மாட்டினாள். பையை வெளியே தொங்கவிட்டாள். படத்தில் மறைந்திருந்த அதே கால்சட்டத்தை வேட்டி இல்லாமல், அரைக்கால் நிக்கர்மேல் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டினாள். கண்ணாடியைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

கிளம்பும் முன்பு அவள் அப்பாவை நிறுத்தினாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. அங்க நீங்க இவரத் தொடக் கூடாது. எது நடந்தாலும் தொடக் கூடாது."

"சரிம்மா."

"எழுந்திருக்கச் சொன்னாலும் தொடக் கூடாது."

"விழுந்துட்டான்னா?"

"விழட்டும்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது மாற்றிச் சொல்வேன் என்று. "விழுந்தா நல்லதுப்பா" என்றேன். "விழுந்தாதான் நம்புவாங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்போதே பழகிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

விசாரணை நடக்கும் அறை மாடியில் இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் மனுக்களை விசாரிக்கும் அறைக்குப் படிக்கட்டு மட்டும்தான் வழி. இதை எழுதினால் நையாண்டி என்பார்கள். அந்தப் படிகளில் என்னை ஏற்றியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சக்கர நாற்காலியைக் காவலாளியிடம் விட்டுவிட்டு, டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து, அதில் என்னை உட்காரவைத்துக் கடைக்காரரும் வரிசையில் நின்ற இன்னொருவரும் தூக்கினார்கள். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அப்பாவுக்கு வேலை இல்லை. அவர் முன்னால் நடந்தார். மாடி வராந்தா முழுக்க ஜனம். "கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க, ஒதுங்குங்க" என்று ஒரு கையை நீட்டியபடி போனார். குரல் அதுதான், டவாலி போட்டிருந்த காலத்துக் குரல். ஜனங்கள் சட்டென்று எழுந்து சுவரோரம் ஒதுங்கி, யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில், தாடியும் மூத்திரப் பையுமாக நான் வந்தேன். ஒருவர் சிரித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் சிரித்திருப்பேன்.

அதிகாரி ஓர் அம்மா. என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அப்படி இல்லை. அவர் மேஜைமீது எங்களுடையது போல நிறைய மனுக்கள் இருந்தன. அப்பா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "உக்காருங்க ஐயா" என்றார் அந்த அம்மா.

"பரவாயில்லைங்கம்மா."

"உக்காருங்க, வயசானவர்."

"நிக்கிறேங்கம்மா."

அந்த அம்மா விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் அந்தப் படத்தை நான் முதல் முறை பார்த்தேன். நன்றாக இருந்தேன்.

"இது நீங்கதானே?"

"ஆமா மேடம். அப்பா தூக்கிப் பிடிச்சிருந்தாரு."

"அவர் பக்கத்துல சும்மா நிக்கிற மாதிரிதானே இருக்கு. நீங்கதான் அவர் தோள்ல கை போட்டிருக்கீங்க. சிரிச்சுகிட்டு வேற இருக்கீங்க."

"போட்டோ எடுத்தாரு மேடம், அதான்."

"மெடிக்கல் சர்ட்டிபிகேட் பழசு. அதுக்கப்புறம் முன்னேற்றம் வந்திருக்கலாம் இல்லையா? நான் எதை நம்பறது?" என்றார். கேள்வி நியாயமாகவே கேட்கப்பட்டது. பக்கத்திலிருந்த எழுத்தரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணுங்க. எவ்வளவு முடியுதோ அவ்வளவு எழுந்திருச்சுக் காட்டுங்க."

மனைவி அப்பாவைப் பார்த்தாள். நான் மேஜை விளிம்பைப் பிடித்தேன். கைகளுக்கு வலு உண்டு என்று முன்பே சொன்னேன். ஊன்றி அழுத்தினேன். இடுப்பு கொஞ்சம் மேலே வந்தது. இன்னும் அழுத்தினேன். ஒரு கால்சட்டம் படக்கென்று பூட்டிக்கொண்டது. ஒரு நொடி, நின்றுதான் விடுவேனோ என்று பயந்தேன். ஆமாம், பயந்தேன். நான் நின்றால் எல்லாம் போச்சு. அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் பின்னால் சறுக்கியது, மேஜை விளிம்பு கையை விட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும். அடியே இல்லாதவனைப் பற்றிப் பழமொழி எதுவும் இல்லை. முகம் பக்கவாட்டில் தரையில் அடித்தது. உதடு கிழிந்தது.

விழுந்த இடத்திலிருந்து ஒரு பக்கெட் தெரிந்தது. அறையின் ஏசி ஒழுகி, அந்தத் தண்ணீர் சொட்டுவதற்காக வைத்திருந்தார்கள். தண்ணீர் போகும் குழாயில் அடைப்பு, வேறொன்றும் இல்லை என்று என் மூளை சொன்னது. பக்கெட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வெறுங்கால்கள் தெரிந்தன. அவை ஓர் அடி முன்னால் வந்தன. பிறகு நின்றன. கால் விரல்கள் தரையைப் பிடிப்பதுபோல் மடங்கியிருந்தன.

என் அடியில் பை நசுங்கி ட்யூப் கழன்றிருந்தது. எனக்குத் தெரியவில்லை, உணர்ச்சி இல்லாத இடம். எழுத்தர்தான் முதலில் பார்த்தார். "மேடம், காலைத் தூக்கிக்கோங்க, ஏசி தண்ணி வருது" என்றார்.

"ஏசி தண்ணி இல்ல சார்" என்றாள் என் மனைவி.

அந்த அம்மா எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ஐயா, பிடிங்க அவரை. தூக்குங்க" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா அசையவில்லை.

"ஐயா, உங்களைத்தான் சொல்றேன். பையன் விழுந்து கிடக்கிறாரு, தூக்க மாட்டீங்களா?"

ஆயுளில் ஓர் அதிகாரியின் பேச்சை அப்பா தட்டியதில்லை. கைகள் பின்னால்தான் கட்டியிருந்தன. குரல் மட்டும் வந்தது. "நான் தூக்கினா அவன் நிக்கிறான்னு எழுதிடுவாங்கம்மா."

பக்கெட்டில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுத்தரும் வாசலில் நின்ற காவலரும் வந்து என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். ஈரம் பட்டுவிடாமல் எட்டிப் பிடித்துத் தூக்கியதால் இன்னொரு முறை நழுவினேன். அப்போதும் அப்பா வரவில்லை. அந்த அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க போகலாம். உத்தரவு வரும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் படியிறங்கும்போது அறையைக் கழுவ ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

உத்தரவு வந்தது. கள விசாரணை அறிக்கை ஏற்கத்தக்கதல்ல என்றும், மனுதாரர் தொகை பெறத் தகுதியானவர் என்றும் இருந்தது. மனைவி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஜெயித்துவிட்டோம். அன்றைக்குப் பாயசம் வைத்தாள். உதடு காய்ந்து தையல் பிரித்திருந்ததால் என்னாலும் குடிக்க முடிந்தது.

மண்டியில் மூட்டை தூக்குகிறவர் இப்போது காலையும் மாலையும் வருகிறார். நல்ல மனிதர். வெங்காய மூட்டையைத் தூக்குகிற அதே தூக்குதான். தோளில் போட்டு, இறக்கி, "வரேன் சார்" என்று போய்விடுவார். நான் கேட்டதும் இதைத்தான். அப்பாவின் வயிறு பிதுங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது என்றார்.

ஆனால் அப்பா என்னைத் தொடுவதில்லை. தூக்குவதை மட்டும் சொல்லவில்லை. சவரம் செய்துவிடுவதில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர், இப்போது தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். அந்த ஆள் என்னைத் தூக்கும்போது அறை மூலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "மெதுவா" என்பார். ஒரு நாள் அந்த ஆள் வர நேரமாகிவிட்டது. நான் கழிவறை நாற்காலியிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். என் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

தொகை தொடர வேண்டுமானால் அவ்வப்போது ஆள் வந்து சரிபார்ப்பார்கள். அண்மையில் ஒருவர் வந்தார். பழையவர் மாற்றலாகிப் போய்விட்டார், இவர் புதியவர். நல்லவேளையாக மனைவி வீட்டில் இருந்தாள். தெரு முனையில் பைக் சத்தம் கேட்டதுமே அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என்னைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார், விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்தவர் உள்ளே வந்து, கட்டிலருகே நின்று, மரியாதையாகவே விசாரித்தார். "அதே நிலைமைதானா?"

"அதேதான் சார்."

"போட்டோ ஒண்ணு எடுத்துக்கறேன்."

இந்த முறை நான் சிரிக்கவில்லை. எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். பையும் படத்தில் விழும்படி மனைவி போர்வையை விலக்கினாள்.

"அப்பா கூட இருக்கார்னு பைல்ல இருக்கே. எங்க?"

"வெளிய போயிருக்காரு" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, நிதானமாகப் போனார். பைக் சத்தம் தேய்ந்த பிறகும் சமையலறைக் கதவு திறக்கவில்லை. மனைவி போய்த் திறந்தாள். கட்டிலில் இருந்து எனக்கு நேராகத் தெரிந்தது. அடுப்புத் திண்டுக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில், சாத்தியிருந்த கதவைப் பார்த்தபடி, தோளைப் பின்னால் இழுத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவ்வளவு நேரமும் விறைப்பாக நின்றிருக்கிறார்.

"அவரு போயிட்டாரு மாமா" என்றாள் அவள். "உக்காருங்க."